மூன்று வார முதுமை

சர்க்கரை என்றால் நம் ஊரில் வியாதி. 'அவருக்குச் சர்க்கரை இருக்கிறது' என்றால் வீட்டு மளிகையைப் பற்றிய பேச்சு என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. நான் எழுத வந்திருக்கும் சர்க்கரை மளிகையும் அல்ல, வியாதியும் அல்ல. ரத்தத்தில் ஓடும் ஆன்டிபாடி என்ற எதிர்ப்பொருளின் மேல் உடம்பே பூட்டி அனுப்பும் ஒரு சிறு சர்க்கரைக் கிளை அது. வயது ஏற ஏற அதன் அமைப்பு மாறுகிறது. இந்த மாற்றத்துக்கு முதுமை என்று பெயர் சொல்லும்போது நாம் எதைச் சொல்கிறோம் என்ற கேள்வி இரண்டு வருஷமாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

இது இந்தப் பத்திரிகைக்குப் பொருந்துமா என்று ஆசிரியர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்: நம் விமர்சகர்கள் விஞ்ஞானத்திடம் ஏற்கெனவே நிறையக் கடன் பட்டிருக்கிறார்கள். சார்பியல், நிச்சயமின்மை, எண்ட்ரோபி எல்லாம் கவிதை மதிப்புரைகளில் வந்து போய்விட்டன. அசலும் திரும்பவில்லை, வட்டியும் திரும்பவில்லை. (நான் வேலை பார்க்கும் இடத்தில் இதற்கு வாராக்கடன் என்று பெயர்.) ஒரு விஞ்ஞான விஷயத்தை அதன் இடத்தில் வைத்து, அதன் விவரங்களோடு பார்த்துவிட்டு, பிறகு நமக்கு அதில் ஏதாவது உண்டா என்று யோசிக்கும் பழக்கம் நம்மிடம் இல்லை. நான் படித்தது பி.ஏ. ஆங்கில இலக்கியம், ரஸாயனம் பள்ளிக்கூடத்தோடு சரி. என் அம்மாவுக்கு முப்பது வருஷத்துக்கு மேலாக முடக்குவாதம். அவளுடைய ரத்தப் பரிசோதனைத் தாள்களை வாசிக்கக் கற்றுக்கொண்டு, தாள்களிலிருந்து புத்தகங்களுக்கும், புத்தகங்களிலிருந்து ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்கும் போனேன். என் யோக்யதை அவ்வளவுதான்.

ஆன்டிபாடிகளில் ஐந்து வகை. ரத்தத்தில் மிகுதியாக இருப்பது ஐ.ஜி.ஜி. என்ற வகை, இங்கே பேச்சு அதைப் பற்றி மட்டும். உருவம் உண்டிவில்லின் கவட்டை மாதிரி: மேலே இரண்டு கைகள், கீழே ஒரு காம்பு. கைகளின் நுனி உள்ளே வந்த கிருமியின் ஏதோ ஒரு பகுதியைப் பற்றிக்கொள்கிறது. கிருமிக்குக் கிருமி நுனி வேறு. காம்பு ஏறக்குறைய ஒன்றே. இந்தப் பிரிவினையை 1959இல் தெளிவாக்கியவர் ராட்னி போர்ட்டர் என்ற ஆங்கிலேயர். முயலின் ஆன்டிபாடிகளைப் பப்பைன் என்ற நொதியால் வெட்டினார். பப்பைன் பப்பாளிப் பாலில் இருப்பது. (ஆட்டுக்கறி வேக மறுத்தால் நம் வீடுகளில் பப்பாளிக்காய்த் துண்டு போடுவதும் இதே நொதிக்காகத்தான்.) இரண்டு கைத் துண்டுகளும் ஒரு காம்புத் துண்டும் கிடைத்தன. காம்புத் துண்டு சுலபமாகப் படிகமாயிற்று. மூலக்கூறுகள் ஒன்றைப்போல் ஒன்று இருந்தால்தான் படிகமாகும். பல்லாயிரம் விதமான கைகள் அப்படி அடங்கவில்லை. ஆகவே காம்புக்குப் 'படிகமாகும் துண்டு' என்ற பெயரே நிலைத்துவிட்டது. 1972இல் போர்ட்டருக்கும் அமெரிக்கரான ஜெரால்ட் எடல்மனுக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

எல்லாம் ஒன்றே என்று பெயர் வாங்கிய அந்தக் காம்பில்தான் நம் வித்தியாசம் இருக்கிறது. காம்பு இரண்டு புரதச் சங்கிலிகளால் ஆனது. ஒவ்வொன்றிலும் 297ஆம் இடத்தில் அஸ்பராஜின் என்ற அமினோ அமிலம். அதில் ஒரு சர்க்கரைக் கிளை. அது வெளியே நீட்டிக்கொண்டில்லை. இரண்டு சங்கிலிகளுக்கும் நடுவில் மடியில் செருகிய மாதிரி உள்ளடங்கி இருக்கிறது. அடிப்பகுதி எல்லாவற்றிலும் ஒன்றே. மேலே போய் இரண்டாகக் கவைக்கிறது. கவையின் ஒவ்வொரு நுனியிலும் காலக்டோஸ் என்ற சர்க்கரை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். காலக்டோஸ் இருந்தால் அதன் மேல் ஸியாலிக் அமிலம் உட்காரலாம். அது இல்லாவிட்டால் உட்கார இடமில்லை. எடைக் கணக்கில் ஐ.ஜி.ஜி.யில் சர்க்கரையின் பங்கு நூற்றுக்கு 2 அல்லது 3. ஆனால் அதை முழுக்க வெட்டி எடுத்துவிட்டால், கைகள் கிருமியைப் பிடித்தபடி இருக்கும், பிடித்த செய்தி மட்டும் போக வேண்டிய இடத்துக்குப் போகாது. காம்பைத் தொட்டுப் பார்த்து வேலையைத் தொடங்க வேண்டிய வெள்ளணுக்களுக்கு அந்தக் காம்பு பிடிபடுவதில்லை.

புரதத்துக்கு மூலப்பிரதி உண்டு. மரபணுவில் இருப்பதை எழுத்தெண்ணிப் படித்து அமினோ அமிலங்களைக் கோக்கிறார்கள் ('கிறார்கள்' என்று எழுதிவிட்டேன், யாரும் இல்லை அங்கே). சர்க்கரைக் கிளைக்கு அப்படியொரு மூலப்பிரதி கிடையாது. சர்க்கரையைப் பூட்டும் நொதிகளுக்கு மரபணு உண்டு. ஆனால் இந்த ஆன்டிபாடிக்கு இந்தக் கிளை என்று எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. அணுவுக்குள் மடிப்பு மடிப்பாக ஒரு உறுப்பு இருக்கிறது. 1898இல் ஆந்தையின் நரம்பணுக்களில் அதைப் பார்த்துச் சொன்ன இத்தாலியர் கமில்லோ கோல்ஜியின் பெயரே அதற்கு. புரதம் அதன் வழியே நகர்ந்து வெளியேறும்போது எந்த நொதி எவ்வளவு இருந்தது, எந்தச் சர்க்கரை கைவசம் இருந்தது, ரத்தத்தில் என்ன ஹார்மோன் ஓடிக்கொண்டிருந்தது, உடம்பில் எங்காவது அழற்சி இருந்ததா என்பதையெல்லாம் பொறுத்துக் கிளை அமைகிறது. ஒரே அணு ஒரே நாளில் செய்து அனுப்பும் ஆன்டிபாடிகளில்கூடக் கிளைகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. எழுதிவைத்தது ஒன்று, சொன்ன விதம் வேறு. இதற்குமேல் உருவம், உள்ளடக்கம் என்று இழுத்துக்கொண்டு போக எனக்கு விருப்பமில்லை. அந்தச் சண்டையில் நாம் போதுமான வருஷங்களை விட்டாயிற்று.

இனி வயது. ஆக்ஸ்ஃபோர்டில் ரேமண்ட் ட்வெக்கின் குழுவும் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து 1985இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முடக்குவாதக்காரர்களின் ஐ.ஜி.ஜி.யில் காலக்டோஸ் குறைந்து, மொட்டையான கிளைகள் கூடியிருந்தன. அப்படியானால் நோயில்லாதவர்களிடம் அளவு என்ன? அது வயதைப் பொறுத்தது என்று 1988இல் அதே ஆக்ஸ்ஃபோர்டுக் குழு சொன்னது. குழந்தைப் பருவத்திலிருந்து மொட்டைக் கிளைகள் குறைந்துகொண்டே வந்து, இருபத்தைந்தை ஒட்டி மிகக் குறைவாகி, பிறகு மறுபடியும் கூட ஆரம்பிக்கின்றன. முடக்குவாதத்தில் காண்பது, வேறொரு விதத்தில், வயதில் எல்லோருக்கும் நிகழ்வதுதான். என் அம்மாவின் கைகளை வைத்து இந்த வாக்கியத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். முப்பது வயதில் அவளுடைய விரல்கள் கிழவியின் விரல்கள் என்று ஊரில் சொன்னதுண்டு.

அளக்கும் யந்திரங்கள் தேறிய பிறகு கதை குரோஷியாவுக்குப் போகிறது. ஆட்ரியாட்டிக் கடலில் விஸ், கோர்ச்சுலா என்று இரண்டு தீவுகள். விஸ் யூகோஸ்லாவிய ராணுவத்தின் தளமாக இருந்து, 1989 வரை அயல்நாட்டார் கால் வைக்காத இடம். இவற்றோடு ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவுகள். தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில் வாழ்ந்தவர்கள் மரபணு ஆராய்ச்சிக்குத் தோதானவர்கள் என்பதால் அவர்களுடைய ரத்தம் ஆய்வுக்கூடங்களில் சேர்ந்திருந்தது. ஸாக்ரெப் நகரில் கோர்டான் லவுட்ஸ் என்பவரின் குழு அந்த ரத்தத்தில் ஐ.ஜி.ஜி.யின் கிளைகளை உரித்தெடுத்து 24 சிகரங்களாகப் பிரித்து அளந்தது. நான்கு ஐரோப்பிய மக்கள் கூட்டங்களைச் சேர்ந்த 5,117 பேர். 2014இல் வெளியான அந்தக் கட்டுரையின் முடிவு: மூன்றே மூன்று கிளை வகைகளைக் கொண்டு, ஆட்களுக்கிடையே உள்ள வயது வேறுபாட்டில் 58 சதவீதத்தை விளக்கிவிடலாம். பெண்களிடம் மாதவிலக்கு நிற்கும் வயதையொட்டிக் காலக்டோஸ் சட்டென்று இறங்குகிறது. ஆண்களிடம் இறக்கம் நிதானமாக இருக்கிறது.

மூப்பு என்றால் தேய்மானம் என்றுதான் நாம் எல்லோரும் பழகியிருக்கிறோம். செருப்பு தேய்கிறது, படிக்கல் தேய்கிறது, மனுஷன் தேய்கிறான். நவம்பர் மாதத்தில் ஓய்வூதியக்காரர்கள் தாங்கள் உயிரோடிருப்பதற்குச் சான்று கொடுக்க பாங்குக்கு வருகிறார்கள். 2014இலிருந்து அதற்கு விரல் ரேகை யந்திரம் வந்துவிட்டது. வேலை செய்து ரேகை போன விரலை அது ஏற்பதில்லை. தேங்காயெண்ணெய் தடவு, ஈரத்துணியில் துடை, அடுத்த விரலை வை என்று ஒவ்வொருவரிடமும் மல்லுக்கட்டுகிறோம். அந்த ரேகை தேய்ந்தது; அதில் சந்தேகமில்லை. மருத்துவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லும் ஹெச்.பி.ஏ.1.சி. என்ற பரிசோதனையும் அந்த ஜாதி. ரத்தத்தில் மிதக்கும் குளுக்கோஸ் எந்த நொதியும் இல்லாமல், யார் சொல்லியும் இல்லாமல், சிவப்பணுவின் புரதத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. பழைய பாத்திரத்தில் ஏறும் கறை. சிவப்பணு நூற்றிருபது நாள் உயிரோடிருப்பதால் அத்தனை நாள் கறை சேர்கிறது.

ஐ.ஜி.ஜி.யின் கிளை இந்த இரண்டிலும் சேராது. ஓர் ஐ.ஜி.ஜி. மூலக்கூறு ரத்தத்தில் நெடுநாள் இருப்பதில்லை. இருக்கும் கூட்டத்தில் பாதி சுமார் 21 நாளில் கழிந்துபோய், புதியவை வருகின்றன. எழுபது வயதுக்காரரின் உடம்பில் மொட்டைக் கிளையோடு ஓடும் ஆன்டிபாடி எழுபது வருஷம் ஓடித் தேய்ந்தது அல்ல. அது போன வாரம் பிறந்தது. காலக்டோஸ் அதிலிருந்து உதிரவில்லை, முதலிலேயே வைக்கப்படவில்லை. சின்ன வயதில் வந்துபோன தட்டம்மைக்கு எதிரான ஆன்டிபாடி அந்த உடம்பில் இன்னும் செய்யப்பட்டுக்கொண்டிருக்கும். அதன் கைகள் ஐந்து வயதில் கற்ற பாடத்தை அட்சரம் பிசகாமல் வைத்திருக்கும். மூலக்கூறு மட்டும் புத்தம் புதியது.

கவுண்டரில் இதற்குச் சமமான ஒன்றை நான் தினமும் பார்க்கிறேன். கணக்குத் தொடங்கியபோது வாங்கிய மாதிரிக் கையெழுத்தும், இன்று காசோலையில் வரும் கையெழுத்தும். பெயர் அதே பெயர், எழுத்துகள் அதே எழுத்துகள். கையெழுத்து தேய்வதில்லை, ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடப்படுகிறது. ஆனாலும் இது அறுபதைத் தாண்டிய கை என்று ஆளைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். 'ர'வின் கால் எங்கே திரும்புகிறது, பேனா எந்த இடத்தில் தயங்குகிறது என்பதில் இருக்கிறது வயது. எந்த இளம் கவிஞரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது: என் மேஜைக்கு மதிப்புரைக்காக வரும் தொகுப்புகளில் பாதி போன வருஷம் எழுதப்பட்டவை, நாற்பது வயதானவை. சொல் புதிது. பூட்டப்பட்ட இடம் பழையது. கவிஞர்களிடம் நாம் எதிர்பார்க்கும் 'புதுமை'யைத் தேதியை வைத்து முடிவு செய்துவிடுகிறோம் என்பதே என் நெடுநாள் புகார்.

தேய்மானம் என்றால் திரும்பாது. செய்யும் விதம் என்றால் திரும்பலாம். 2020இல் வெளியான ஒரு பரிசோதனை இதைக் காட்டியது. மாதவிலக்கு நிற்காத, ஆரோக்யமான 36 இளம் பெண்களின் சூலக ஹார்மோன்களை மருந்தால் சில மாதங்கள் அடக்கிவைத்தார்கள். ஒரு பகுதியினருக்கு எஸ்ட்ரடியால் என்ற ஹார்மோனைத் தோல் வழியே திருப்பிக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு வெறும் பட்டி. ஹார்மோன் கிடைக்காதவர்களின் 'கிளை வயது', நடுவில் நிற்பவரைக் கொண்டு சொன்னால், 9 வருஷம் ஏறியது. கிடைத்தவர்களுக்கு ஏறவில்லை. மருந்தை நிறுத்தி நான்கு மாதத்தில் எல்லோரும் பழைய இடத்துக்கே வந்துவிட்டார்கள். ஒன்பது வருஷம் முதுமையடைந்து, அதே வருஷத்தில் திரும்பி வருவது. நம் புராணங்களில் இப்படி இளமையை வாங்கவும் கொடுக்கவும் ஒரு சாபமும் ஒரு மகனும் தேவைப்பட்டன.

ஸாக்ரெபிலிருந்து வந்த இந்த அறிவு கடைக்கும் வந்துவிட்டது. கிளைக்கன்ஏஜ் என்ற பெயரில் விரல் நுனி ரத்தத்தை வாங்கிக்கொண்டு உங்கள் 'உயிரியல் வயது' இத்தனை என்று எண் அனுப்புகிறார்கள். எனக்கு இதில் கசப்பு. அந்த எண் பொய் என்று நான் நினைக்கவில்லை. அது ஒரு வாக்கியத்தைக் கத்தரித்து அதன் கடைசிச் சொல்லை மட்டும் கையில் கொடுக்கிறது. 58 சதவீதம் போக மீதியில்தான் விஷயமே இருக்கிறது: அழற்சி, உடல் பருமன், புகை, ஹார்மோன், ஆள் வசிக்கும் தேசம். 27 மக்கள் கூட்டங்களைச் சேர்ந்த 2,579 பேரின் ஐ.ஜி.ஜி. கிளைகளை ஒப்பிட்ட கட்டுரையும் 2020இல் வந்தது. வசிக்கும் நாட்டுக்கு ஏற்பக் காலக்டோஸ் அளவு வேறுபடுகிறது. அந்த வேறுபாடு நாட்டின் வளர்ச்சி நிலையோடு சேர்ந்து போகிறது என்று அதில் கண்டார்கள். ஒருவன் மூத்திருக்கிறான் என்று கிளை சொல்லும்போது, அவன் குடித்த தண்ணீரையும் தொட்ட கிருமிகளையும் சேர்த்துச் சொல்கிறது என்று நான் வாசிக்கிறேன். அதை ஆர்க்னித் தீவின் அளவுகோலில் வைத்துத் தனிமனிதனின் குறைபாடாக அச்சடித்துக் கொடுக்கலாமா?

வயது என்ற எண்ணைப் பற்றி பாங்கு குமாஸ்தாவுக்குப் பெரிய மரியாதை இருக்க முடியாது. என் ஓய்வூதியக்காரர்களில் பலரின் பிறந்த தேதி, பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று தலைமையாசிரியர் கணக்குக்குத் தோதாகப் போட்டது. அந்தத் தேதிப்படி 80 முடிந்தால் மத்திய அரசு ஓய்வூதியத்தின் அடிப்படையில் 20 சதவீதம் கூடும். 'நெசமா எனக்கு எம்பத்தி மூணு சார், வாத்தியார் கொறைச்சுப் போட்டுட்டாரு' என்று ஒரு பெரியவர் மூன்று வருஷமாக என்னிடம் வழக்காடுகிறார். அவர் கையில் கிளைக்கன்ஏஜ் தாளைக் கொடுத்து அனுப்பினால் எந்த அதிகாரி என்ன செய்வார் என்று நினைத்துப் பார்த்துச் சிரித்துக்கொள்வேன்.

இனி அம்மா.

முடக்குவாதத்தைக் கண்டறியப் பார்க்கும் 'ருமடாய்டு ஃபேக்டர்' என்பது என்ன என்று அவளுடைய தாளில் அந்தச் சொல்லைப் பார்த்துப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். அதுவும் ஒரு ஆன்டிபாடி. அது கிருமியைப் பிடிப்பதில்லை. உடம்பின் சொந்த ஐ.ஜி.ஜி.யின் காம்பைப் பிடிக்கிறது. போர்ட்டர் பப்பாளி நொதியால் வெட்டி, படிகமாக உறையவைத்த அதே காம்பு. காலக்டோஸ் இல்லாத மொட்டைக் கிளைகள் அந்தக் காம்பை உடம்புக்கு அந்நியமாகக் காட்டுகின்றனவா, அல்லது அழற்சி வந்த பிறகு கிளைகள் மொட்டையாகின்றனவா என்ற வழக்கு 1985இலிருந்து நடக்கிறது. நோய்க்குப் பெயர் வைப்பதற்குச் சில வருஷம் முன்னாலேயே எடுத்து வைத்திருந்த ரத்தத்தில் காலக்டோஸ் குறைந்திருந்ததைப் பின்னால் கண்டிருக்கிறார்கள். அழற்சி கிளையை மாற்றுகிறது, மாறிய கிளை அழற்சியை வளர்க்கிறது என்ற சுற்றுதான் இப்போது பலரும் சொல்வது. 2000இல் க்ளாடியோ ஃப்ரான்செஸ்கி என்ற இத்தாலியர் முதுமைக்கும் அழற்சிக்கும் சேர்த்து ஒரே சொல்லாக ஒன்றைச் செய்தார். தமிழில் அதை மூப்பழற்சி என்று சொல்லிப் பார்த்தேன், நாக்கில் நிற்கவில்லை.

அம்மாவுக்கு நோய் வந்தது எனக்கு இரண்டு வயதாகும்போது. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. சோறு பிசைய வராது. பாட்டிதான் எனக்கு ஊட்டினாள் — அப்பாவின் அம்மா, நாங்கள் ஆச்சி என்போம். எனக்கு நாலு வயதாகும்போது தங்கை வயிற்றில் வந்தாள். மூன்றாம் மாதத்திலிருந்து அம்மாவின் கைகள் சரியாயின. வடாம் பிழிந்தாள், பூக்கட்டினாள், தோசைக்கு ஆட்டினாள் என்பதெல்லாம் பின்னால் ஒரு புராணம் மாதிரி எங்கள் வீட்டில் சொல்லப்பட்டது. பிரசவமாகி இரண்டு மாதத்தில் வலி திரும்பி வந்தது, முன்னைவிட மூர்க்கமாக. அதன் பிறகு அந்தக் கைகள் திறக்கவில்லை.

ஆச்சி கெட்டவள் அல்ல. பார்த்ததைச் சொன்னாள். 'இவ வயித்துல கெடந்தப்பம் ஒரு நோவு கெடையாது. இவளப் பெத்தா, கை முடங்கிட்டு.' விருந்தாளிகளிடம், டாக்டரிடம், ஜாதகக்காரரிடம் இதே வாக்கியம். தங்கைக்குச் சொல் புரிய ஆரம்பித்தபோது காதில் விழுந்த முதல் சொற்களில் இதுவும் ஒன்றாக இருந்திருக்கும். யாரும் அவளை அடிக்கவில்லை, குறை வைக்கவில்லை. அம்மாவுக்கு முடியாதபோதெல்லாம் அவள் முற்றத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்வாள்.

ஆச்சி பார்த்ததை அமெரிக்காவில் மேயோ மருத்துவமனையின் ஃபிலிப் ஹெஞ்ச் 1938இலேயே எழுதியிருக்கிறார். எல்லோருக்கும் அல்ல, ஆனால் பலருக்கு, கர்ப்ப காலத்தில் முடக்குவாதம் தணிகிறது; பிரசவத்துக்குப் பின் திரும்புகிறது. கர்ப்பத்திலும் காமாலையிலும் உடம்பில் சுரக்கும் ஏதோ ஒன்று இதைச் செய்கிறது என்று தேடிக்கொண்டே போனவர், 1948இல் கார்டிஸோனை நோயாளிக்குக் கொடுத்துப் பார்த்தார். 1950இல் அவருக்கும் கெண்டலுக்கும் ரைக்ஸ்டைனுக்கும் நோபல் பரிசு. அவர் தேடிப் போனதும் கிடைத்ததும் வேறு வேறு. கர்ப்பத்தின் ரகசியம் கார்டிஸோனோடு தீர்ந்துவிடவில்லை. 1985க்குப் பிறகு காலக்டோஸ் பக்கம் பார்வை திரும்பியது. கர்ப்பத்தில் ஐ.ஜி.ஜி.யின் காலக்டோஸ் ஏறுகிறது, பிரசவத்துக்குப் பின் இறங்குகிறது. முடக்குவாதக்காரப் பெண்களிடம் நோய் தணிவதும் கிளம்புவதும் இந்த ஏற்ற இறக்கத்தோடு ஒத்துப் போவதை 2009இல் நெதர்லாந்தில் ராட்டர்டாமைச் சேர்ந்தவர்கள் காட்டினார்கள். ஒத்துப் போவது வேறு, காரணமாக இருப்பது வேறு. அதை அவர்களும் சொல்கிறார்கள். தாயின் ஐ.ஜி.ஜி. நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகிறது. தங்கை பிறந்தபோது அவளுடைய ரத்தத்தில் ஓடியது பெரும்பாலும் அம்மாவின் ஆன்டிபாடி, அந்த மாதங்களின் கிளைகளோடு. சில மாதங்களில் அது கழிந்து போயிருக்கும்.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு ஒரு சந்தோஷம் வந்ததை மறைக்க வேண்டியதில்லை. முப்பது வருஷ வழக்கில் சாட்சி கிடைத்துவிட்ட மாதிரி. அந்த ஏழெட்டு மாதம் அம்மாவுக்கு மருந்தாக இருந்தவளே இவள்தான் என்று ஒரு வாக்கியத்தை மனசுக்குள் தயார் செய்துகொண்டேன். தங்கை இப்போது ஓசூரில் இருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் கூப்பிட்டு, ஆக்ஸ்ஃபோர்டில் ஆரம்பித்து ராட்டர்டாம் வரை சொன்னேன். காலக்டோஸ் என்ற சொல்லை இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொன்னாள். கடைசிவரை கேட்டாள்.

'அதத்தான அண்ணே ஆச்சியும் சொன்னா' என்றாள். 'நான் உள்ள இருந்த வரைக்கும் அம்மா நல்லா இருந்தா. வெளிய வந்தேன், வந்துட்டு.'

நான் சொன்னது அதுவல்ல என்றேன். எது வேறு என்று கேட்டாள். அவள் வணிகவியல் படித்தவள். கணக்கை இரண்டு பக்கமும் கூட்டிப் பார்ப்பவள். நான் ஏதோ சொன்னேன். மொத்தத்தில் ஆச்சியின் வாக்கியத்தில் இருந்த எந்த விவரமும் என் வாக்கியத்தில் மாறியிருக்கவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பின்னால் அவள் பையன் எதையோ உருட்டும் சத்தம் கேட்டது.

'இன்னிக்கு ஞாயித்துக்கெழம' என்றாள். 'அம்மா மெத்தோட்ரெக்ஸேட் போட்டாச்சான்னு பாத்தியா? வாரத்துக்கு ஒண்ணுதான், அது தெனசரி மாத்திரையோட கலந்துரப் போகுது. தனி டப்பாவுல வையி.'

பார்த்தேன். போட்டிருந்தாள்.